எம்.எல்.ஏ. அம்மா வீட்டுக்காரர்

என் மனைவி நாலு வருஷம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தாள். அந்த நாலு வருஷமும் காஞ்சிபுரத்தில் எனக்குப் பெயர் கிடையாது. கடைத்தெரு, சங்கம், டீக்கடை என்று எங்கே போனாலும் நான் ‘எம்.எல்.ஏ. அம்மா வூட்டுக்காரர்’தான். இயல்பிலேயே நான் கொஞ்சம் கோபக்காரன். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. கடைசியில் யாராவது என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறான் என்று நானே திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தறியில் உட்கார்ந்தவர்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஒடுக்கமான வீடு, அதில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். நாங்கள் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டு நிறத்து இழையும் சேரும் இடத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் கையால் ஒன்றோடொன்று கோத்துவிட வேண்டும். ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை. புருஷன் தறிக்குழியில் காலை விட்டு நடுவில் உட்காருவான், பெண்டாட்டி இடப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைப் பார்த்துக்கொள்வாள். அவள் கை நின்றால் இவன் கையும் நிற்க வேண்டியதுதான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இதுதான் நடைமுறை. ஆனால் எங்களுக்கு வேலை கொடுக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் மெம்பர் யார் என்று கேட்டால் நடுவில் உட்கார்ந்தவன் மட்டும்தான்.

என் மனைவி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவள். அவள் அப்பா கட்சிப் படிப்பகத்தை நடத்தியவர். சின்ன வயசிலேயே அவளை மேஜைமேல் ஏற்றிப் பேச வைத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகும் பொதுக்கூட்டம் என்றால் போவாள், பேசுவாள், திரும்பி வந்து உலை வைப்பாள். அவள் பேச்சில் அடுக்குமொழி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரிதான் மைக்கிலும் பேசுவாள். அதனால்தான் பெண்கள் உட்கார்ந்து கேட்டார்கள்.

அறுபத்தேழு தேர்தலுக்கு எங்கள் தொகுதியில் கட்சிப் பெரியவர்கள் இரண்டு பேர் டிக்கெட்டுக்கு முட்டிக்கொண்டார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் கவிழ்த்துவிடுவார் என்ற நிலை. ஒரு நாள் காலையில் நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நாங்கள் தறியில் இருந்தோம்.

“உன் பேரை முடிவு பண்ணிட்டோம்மா. நீதான் நிக்கிற” என்றார் மாவட்டப் பெரியவர்.

என் மனைவியின் கை கரையைக் கோக்காமலே நாடாவைத் தள்ளியது. எனக்கும் அது கண்ணில் படவில்லை. நான் வாயைப் பிளந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே ஒரு விரற்கடை நெய்துவிட்டோம். உடலும் கரையும் ஒட்டாமல் அந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. சங்கத்தில் அந்தப் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பதினெட்டு முழத்தில் எந்த இடத்தில் எம்.எல்.ஏ. ஆனாள் என்று விரல் வைத்துக் காட்டலாம் என்று அப்போது அவளைக் கிண்டல் செய்வேன்.

அவர்கள் போன பிறகு அவள் கேட்டாள். “ரெண்டு பூனை சண்டை போட்டா அப்பம் குரங்குக்குன்னு சொல்லுவாங்களே. அந்தக் குரங்கு நானாங்க?”

“ஆமா. ஆனா குரங்கு ஓட்டு கேட்டுத்தான் அப்பம் தின்னணும். வெயில்ல அலையணும்” என்றேன்.

அலைந்தாள். நானும் சைக்கிளில் பின்னாலேயே அலைந்தேன். அந்த வருஷம் அடித்த அலையில் கட்சிக்காரர்கள் எல்லாரும் ஜெயித்தார்கள். என் மனைவியும் ஜெயித்தாள். அலையில் ஜெயித்தாள் என்று எதிர்க்கட்சிக்காரன் சொன்னால் விட்டுவிடுவேன். எங்கள் கட்சிக்காரனே சொன்னபோது ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அதற்கு அவளிடம் திட்டும் வாங்கினேன்.

சட்டமன்றத்தில் அவள் முதல்முதலாகப் பேசிய அன்று நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே கூட்டத்தில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். கர்ப்பிணிப் பெண்களைக் கட்டிலோடு மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதைப் பற்றிப் பேசினாள். வழியிலேயே பிரசவம் ஆன ஒருத்தியின் கதையைச் சொன்னாள். வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்த சபை கொஞ்ச நேரம் அடங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஆளிடம் “அது என் சம்சாரம்” என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் “பயமா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“பேச பயமில்லைங்க. கை சும்மா இருக்குது பாருங்க, அதுதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல” என்றாள்.

சபை நடக்கும் நாட்களில் அவள் மெட்ராஸில் உறுப்பினர் விடுதியில் இருப்பாள். நான் இங்கே தனியாகக் கோர்வை இல்லாத சாதாப் புடவை நெய்வேன், சோறு பொங்குவேன். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. அதையும் பேசுவார்கள், இதையும் பேசுவார்கள். “பொண்டாட்டி சட்டசபையில, புருஷன் அடுப்பங்கரையில” என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். “என் ரசத்தைக் குடிச்சிட்டு அப்புறம் பேசுடா” என்றேன். வந்து குடித்தான். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. உப்பு அதிகம் போட்டிருந்தேன்.

சனி, ஞாயிறு வந்தால் வீடு நிறைந்துவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் முகம் கழுவிக்கொண்டு நேராகத் தறிக்குத்தான் வருவாள். மனு கொடுக்க வந்தவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் கை நாடாவைத் தள்ளிக்கொண்டிருக்கும், வாய் அவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும். “தாசில்தார் இன்னா சொன்னாரு? அப்படியா சொன்னாரு? நான் கேக்குறேன் அவரை.” பெரிய அதிகாரியோ கட்சிக்காரரோ வந்தால்கூட அவள் எழுந்திருக்கமாட்டாள். பாதி வரிசையில் எழுந்தால் கோர்வை கெடும். வந்தவர்கள் அதைப் பழகிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு நாளுக்காகத்தான் மற்ற ஐந்து நாளும் நான் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு முறை காலனியிலிருந்து ஒரு பெண் வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். என் மனைவி அன்றைக்கு மட்டும் பாதி வரிசையில் எழுந்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து, எங்கள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தெருவில் சில வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். “நல்லதாப் போச்சு, குழாயில தண்ணி வர்றதே கஷ்டமா இருக்குது, மிச்சம்” என்று நான் தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

இப்படியே போயிருந்தால் அவள் இன்னும் இரண்டு மூன்று தடவை ஜெயித்திருப்பாள். எதிர் வீட்டில் ஒரு சாவு விழுந்தது.

எதிர் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். நாற்பது வயசுகூட ஆகவில்லை. அவர் மனைவிக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். அந்த அம்மா கல்யாணமான நாளிலிருந்து இடப்பக்கம் உட்கார்ந்தவர். புருஷன் படுத்திருந்த மாசங்களில் இடப்பக்கத்துக்கு யாரையாவது கெஞ்சிக் கூப்பிட்டு, தானே நடுவில் உட்கார்ந்து நெய்திருக்கிறார். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை, ஏனென்றால் புடவை அவர் புருஷன் பெயரில்தானே போயிற்று. புருஷன் செத்ததும் சங்கத்தில் தறியில் ஏற்றுகிற பாவு நூலும் பட்டும் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மெம்பர் செத்தால் இடம் மகனுக்கு, இல்லை என்றால் தம்பிக்கு. பெண்ணுக்குக் கிடையாது. சங்கத்தின் துணைவிதியில் அப்படித்தான் இருந்தது. செத்தவரின் தம்பி அரக்கோணத்தில் வேறு வேலையில் இருந்தவர், தறியைத் தூக்கிக்கொண்டு போக வண்டி பார்க்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அழவில்லை. “தங்கச்சி, எனக்கு அரிசி வேணாம், பென்சன் வேணாம். பாவு வேணும்” என்றார்.

என் மனைவி மந்திரி வரைக்கும் போனாள். அரசாங்கச் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை, சங்கத்து மகாசபை கூடி துணைவிதியை மாற்றினால் போதும் என்றார்கள். மகாசபையில் இருப்பது முழுக்க ஆண்கள்.

அதற்குள் மாவட்டப் பெரியவர் வந்துவிட்டார். என் மனைவியின் மேல் அவருக்கு உண்மையாகவே பாசம். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினார்.

“தேர்தல் சீக்கிரம் வரும்போல இருக்குதும்மா. சங்கத்துல கைய வெக்காத. இன்னிக்கு ஒருத்தி மெம்பர் ஆனா, நாளைக்கு எம் பொண்டாட்டியும் கேப்பாளேன்னு ஒவ்வொருத்தனும் பயப்படுறான். இந்த ஊர்ல அவங்கதான் ஓட்டு. இதை மட்டும் விட்டுடு. டிக்கெட் உனக்குத்தான், நான் வாங்கித் தர்றேன்.”

அவர் போன பிறகு அவள் உலை வைத்தாள். சாப்பிடும்போது சொன்னாள்.

“எனக்கு அந்த வேலை ரொம்பப் புடிச்சிருக்குதுங்க.”

“எந்த வேலை?”

“எம்.எல்.ஏ. வேலை. ஒருத்தர் வந்து குறை சொல்றாங்க, நான் போய் நாலு பேரைக் கேட்டு, சண்டை போட்டு, அது நடந்துடுது. தறியில அறுந்த இழையைப் புடிச்சி முடி போடுற மாதிரி இருக்குது. எனக்கு அதை விட மனசு இல்ல.”

எனக்கோ அவள் வீட்டோடு இருந்தால் போதும். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் சிரித்து, “தெரியுமே” என்றாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, அடுத்த தேர்தலிலும் அவளே ஜெயிக்கட்டும் என்று மனசார நினைத்தேன்.

“அப்போ எதிர் வூட்டு விஷயத்தை விட்டுடப் போறியா?”

“எப்படி விடுறது? வாசலைத் தொறந்தா எதிர்ல அந்த அக்கா மூஞ்சி” என்றாள்.

மகாசபை கூடியது. துணைவிதியை மாற்ற வேண்டும் என்ற தீர்மானத்தை நான்தான் கொண்டுவந்தேன். எம்.எல்.ஏ. அம்மா மேடையில் விருந்தாளியாக உட்காரலாம், உள் விவகாரத்தில் பேசக் கூடாது என்று சங்கத் தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் அவள் வரவில்லை. ஆதரவாகக் கை தூக்கச் சொன்னபோது நான் தூக்கினேன். இன்னும் சில பேர் தூக்கினார்கள். மற்றவர்கள் எல்லாரும் விட்டத்தைப் பார்த்தார்கள். நான் நாலு வார்த்தை கத்திவிட்டு வெளியே வந்தேன். கத்தினதில் பிரயோசனம் ஒன்றும் இல்லை, நெஞ்சு மட்டும் வலித்தது.

மறுநாள் அவள் சட்டசபைக்கு மெட்ராஸ் போய்விட்டாள். அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலையில் நான் வழக்கம்போலத் தறியில் உட்கார்ந்தேன். என்னமோ வித்தியாசமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. தெரு முழுக்கச் சத்தமே இல்லை. என் தறி ஒன்றுதான் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். “உன் தறியை நிறுத்துபா. இன்னிக்கி யாரும் இடப்பக்கம் உக்காரப் போறது இல்ல.”

“என் இடப்பக்கம்தான் மெட்ராஸ்ல இருக்குதேம்மா. நான் நெய்யிறது சாதாப் புடவை” என்றேன்.

“இருந்தா என்னா? சத்தம் கேக்குது இல்ல? நிறுத்து.”

நிறுத்தினேன். யார் முதலில் ஆரம்பித்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. குழாயடியில் பேசி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சோறு வடித்தார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். தறிக்குப் பக்கத்தில் மட்டும் போகவில்லை. “எங்க பேரு சங்கத்துல இல்லியே. நாங்க எதுக்கு உக்காரணும்?” என்று ஒரே கேள்வி. ஆண்கள் முதல் நாள் சிரித்தார்கள். மறுநாள் அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் கோத்த கரை பல்லு பல்லாக நின்றது. தை மாசக் கல்யாணப் புடவைகள் எல்லாத் தறியிலும் பாதியில் கிடந்தன.

நான் பஸ் ஏறி மெட்ராஸ் போனேன். விடுதியில் அவளிடம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “நிஜமாவா? அந்தக் கோடி வூட்டு அக்காகூடவா?” என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். சிரித்து முடித்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தாள்.

“டிக்கெட் போச்சு” என்றாள்.

“நீ இன்னா பண்ண? நீ இங்க இருக்க, அவங்க அங்க பண்ணாங்க. எனக்கு எதுவும் தெரியாதுன்னு பெரியவர்கிட்ட சொல்லிடு. அதுதானே உண்மை?”

“உண்மைதான். நான் இல்லன்னு சொன்னா அடுத்து யாரைத் தேடுவாங்க? எதிர் வூட்டு அக்காவைத்தானே? அவங்களைத் தெருவுல இருக்க விடுவாங்களா? நான் சொல்லித்தான் பண்ணாங்கன்னு சொன்னா எல்லாம் என்னோட நின்னுடும்.”

“பொய் சொல்லப் போறியா?”

“நானா பொய் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னா மறுக்க மாட்டேன். போதுமா?”

அப்படித்தான் செய்தாள். எம்.எல்.ஏ. அம்மா தூண்டிவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகாசபை மறுபடி கூடி, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு துணைவிதியை மாற்றியது. எதிர் வீட்டு அம்மா எங்கள் சங்கத்தின் முதல் பெண் மெம்பர் ஆனார். அரக்கோணத்து மைத்துனர் வண்டிக்காரனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனதுதான் மிச்சம்.

எழுபத்தொன்றில் சட்டமன்றத்தை முன்கூட்டியே கலைத்தார்கள், தேர்தல் வந்தது. எங்கள் தொகுதிக்குச் சங்கத் தலைவரின் மருமகனை நிறுத்தினார்கள். சின்னப் பையன், ஜவுளிக்கடை வைத்திருந்தான், கெட்டவன் இல்லை. பேப்பரில் வந்த பட்டியலை நான்தான் முதலில் பார்த்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேப்பரை அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“சரி, சாப்பிட வாங்க” என்றாள்.

பரிமாறிக்கொண்டிருந்தவள் திடீரென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கல்யாணமாகி அன்றைக்கு வரைக்கும் அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. “சுயேச்சையா நில்லுமா. நான் இருக்கேன். வூட்டை வித்தாவது நிக்கலாம்” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். “எங்க அப்பா படிப்பகத்துல இருந்து வந்தவ நான். கட்சிக்கு எதிரா நிக்க என்னால முடியாதுங்க.” அதோடு நிற்கவில்லை. அந்தப் பையனுக்காகத் தெருத்தெருவாகப் போய் ஓட்டும் கேட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் காலில் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, நானே விளக்கெண்ணெய் தடவிவிட்டேன்.

இனிமேலாவது என் தறிக்கு வருவாள் என்று நினைத்தேன். அதிலும் மண். எதிர் வீட்டு அம்மா மெம்பர் ஆகிவிட்டார், பாவும் வந்துவிட்டது, ஆனால் அவருக்கு இடப்பக்கம் யார் உட்காருவது? ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் வீட்டிலேயே தறி இருக்கிறது. அந்த அம்மாவின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த என் மனைவி விடமாட்டாள். “பெரியவ பரீட்சை முடியிற வரைக்கும் நான் உக்காருறேங்க” என்று சொல்லிவிட்டு எதிர் வீட்டுக்குப் போனாள். நாலு வருஷம் ராஜ்ஜியத்துக்கு விட்டுக்கொடுத்தவன், இப்போது எதிர் வீட்டுக்கு விட்டுக்கொடுத்தேன்.

பையன் ஜெயித்தான். மேளதாளத்தோடு ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்தது. ஜீப்பிலிருந்து குதித்து, மாலையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, “அக்கா எங்க மாமா?” என்றான்.

“எதிர் வூட்டுல” என்றேன்.

அவனுக்கு முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அவன் மாமனார் யாரைச் சேர்க்கக் கூடாது என்று மல்லுக்கு நின்றாரோ அந்த வீடு. ஆனாலும் போனான். நானும் பின்னாலேயே போனேன். இரண்டு பேரும் நெய்துகொண்டிருந்தார்கள். என் மனைவி நிமிர்ந்து பார்த்து, “மெம்பரைக் கேளுங்க தம்பி, இது அவங்க வூடு” என்றாள்.

எதிர் வீட்டு அம்மா நாடாவை விடாமல் சொன்னார். “வாங்க. இந்த வரிசை முடியட்டும். உக்காருங்க.”

சட்டமன்ற உறுப்பினர் கையில் மாலையோடு தரையில் உட்கார்ந்தார். வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. வரிசை முடிந்தது. அவன் என் மனைவிக்கு மாலையைப் போடப் போனான், அவள் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

“அக்கா, உங்க ஆசீர்வாதம் வேணும். எனக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க.”

அவன் மரியாதைக்குக் கேட்டான். அவள் நிஜமாகவே சொல்ல ஆரம்பித்தாள். “தாமல் ஏரிக்கு அந்தாண்ட இருக்கிற பசங்க மிச்சத் தண்ணி வழியிற கலங்கல்ல எறங்கித்தான் பள்ளிக்கூடம் வருதுங்க. தண்ணி புரண்டா அன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்ல. சின்னதா ஒரு பாலம் கேட்டிருக்கேன், எஞ்சினீயர் வந்து பாத்துட்டாரு, பொதுப்பணித்துறையில நிக்குது. விடாதீங்க. தென்னேரிப் பக்கம் ஒரு டீச்சரம்மா, ஊருக்குள்ள யாரும் வூடு தரமாட்டேன்றாங்க, கோயில் மண்டபத்துல படுத்துக்கினு இருக்காங்க. நீங்க நேர்ல போகணும், ஆள் அனுப்பினா நடக்காது. அப்புறம் ஆஸ்பத்திரியில பிரசவ வார்டுல…”

சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றிலும் யார், எந்த ஊர், எந்த ஆபீஸில் நிற்கிறது என்று சொன்னாள். பையன் முதலில் தலையாட்டினான், அப்புறம் தலையாட்டக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். தன் வீட்டுக் குழந்தையை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு, இது ராத்திரியில் அழும், இதற்குப் பால் ஆறவைத்துக் கொடுக்கணும் என்று சொல்கிற தாய் மாதிரி இருந்தது எனக்கு. கடைசியாக, “அந்தக் கலங்கல் பசங்களை மட்டும் மறந்துடாதீங்க தம்பி. நான் வர்றேன்னு சொல்லியிருக்கேன்” என்றாள். அதில் குரல் உடைந்துவிட்டது. எதிர் வீட்டு அம்மா கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

பையன் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். ஊர்வலம் நகர்ந்தது. அவனுக்கு அதில் எத்தனை ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் நான் தறியில் உட்காரவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு எதிர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“இன்னிக்கு ஒரு நாள் லீவு குடுங்கம்மா” என்று மெம்பரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார்.

“எங்க போவணும்?” என்றாள் அவள்.

“தாமலுக்கு. அப்படியே பொதுப்பணித்துறை ஆபீஸுக்கு.”

“நான் யாருன்னு சொல்லிக்கினு போவேன்? நான்தான் இப்ப ஒண்ணும் இல்லையே.”

எனக்குப் பெரிய பெரிய வார்த்தையெல்லாம் வராது. “எம்.எல்.ஏ. அம்மா வூட்டுக்காரர் சம்சாரம்னு சொல்லிக்கோ. ஊர்ல எல்லாருக்கும் என்னைத் தெரியும்” என்றேன்.

அவள் தலையில் தட்டிக்கொண்டு எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் வேண்டும், ஆனாலும் அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு பெண் எட்டி அவள் தோளைத் தொட்டாள். “எம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நினைச்சிக்கினே இருந்தேன்.”

என் மனைவி முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். “சொல்லும்மா” என்றாள்.